ஊர் வானொலியை வழிநடத்தும் உழவர் குழு

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும்போது வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வரும் விவசாயிகள் அவர்களில் பலர். ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்பவர்கள் சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையுடன் நடந்து வரும் சிலரே. வடம் பிடிப்பவர்களுக்கு அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆயினும் கட்டை போடுபவர் ஒரு நொடி கவனம் தவறினால் தேர் நிலை தடுமாறும்.

சமுதாய வானொலிக்கும் இது பொருந்தும். நிகழ்ச்சி தருபவர்களின் குரலை நாம் கேட்கிறோம். என்ன ஒலிபரப்பலாம், எதை ஒலிபரப்பக் கூடாது, எந்த நேரத்தில் ஒலிபரப்ப வேண்டும், வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று பார்க்கும் குழுவினரை நாம் அறிவதில்லை. ஊதியம் எதுவும் இன்றி இப்பணியைச் செய்யும் இத்தன்னார்வலர்கள் யார், அவர்களுடைய கடமைகள் யாவை, ஒரு சிறு விவசாயி இக்குழுவில் சேர்ந்தால் ஊருக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திருச்சி வானொலியும் 'ரேடியோ நெல்'லும்

வானொலியின் ஆற்றலைத் திருச்சி, தஞ்சை மாவட்ட விவசாயிகளுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் விவசாயிகளுக்கென்றே பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு இங்கு ஏற்படுத்தப்பட்டது. அப்போது ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் இரகம் குறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. இவ்விரகத்தின் நாற்றங்கால் முதல் அறுவடை வரையிலான சாகுபடி முறைகள் வானொலியில் தொடர்ந்து சொல்லப்பட்டன. காவிரிப் படுகையில் இந்நெல் வேகமாகப் பரவியது. விவசாயிகள் அதன் எண்ணை மறந்து 'ரேடியோ நெல்' என்றே அழைக்கலாயினர். விதைக்கு வானொலியின் பெயர் அமைந்த நிகழ்ச்சி வேளாண் விரிவாக்க வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பேச்சு மட்டும் அந்த இரகத்தைப் பரப்பவில்லை. விதை, உரம், கடன் ஆகியவை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. வானொலி சொன்னதை வயலில் பார்த்து ஐயம் தீர்த்துக்கொள்ள விரிவாக்க அலுவலர்களும் இருந்தனர். கேட்பதும், கேட்டதைக் கூடிப் பேசுவதும், பேசியதை நிலையத்துக்குத் திருப்பிச் சொல்வதும் சேர்ந்தால்தான் வானொலி பயன் தரும்.

இந்த முறையை முதலில் பெரிய அளவில் கையாண்ட நாடு கனடா. அங்கு 1941 முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றங்கள் இயங்கின. அக்கம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, தங்கள் முடிவை எழுதி அனுப்பின. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டு யுனெஸ்கோ உதவியுடன் பூனா வானொலி நிலையம் ஏறத்தாழ 150 கிராமங்களில் இம்முறையைச் சோதித்துப் பார்த்தது. பத்து வாரங்கள், வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. வெறுமனே கேட்டவர்களைவிட மன்றத்தில் கூடிக் கேட்டவர்கள் அதிகம் கற்றுக்கொண்டனர் என்று ஆய்வு காட்டியது. 1959இல் இத்திட்டம் மற்ற மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

எனினும் ஒரு குறை இருந்தது. மன்றத்தினர் கேள்வி அனுப்பலாம், கருத்துச் சொல்லலாம். நிகழ்ச்சியை முடிவு செய்யும் அதிகாரம் நிலையத்திடமே இருந்தது. இக்குறையை நீக்க வந்ததுதான் சமுதாய வானொலி.

சமுதாய வானொலி என்றால் என்ன?

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2002ஆம் ஆண்டு இறுதியில் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்த மத்திய அரசு வழி செய்தது. நாட்டின் முதல் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2006 நவம்பரில் விதிகள் மேலும் தளர்த்தப்பட்டு, வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண்மை அறிவியல் நிலையங்கள், பதிவு பெற்று மூன்றாண்டுகளாவது பணி செய்த தொண்டு நிறுவனங்கள் ஆகியவையும் உரிமம் பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி இவ்வாறு உரிமம் பெற்ற நிறுவனங்களுள் ஒன்றாகும். தனி நபர்கள், அரசியல் கட்சிகள், இலாப நோக்குள்ள கம்பெனிகள் ஆகியோருக்கு உரிமம் இல்லை.

இவ்வானொலிகளுக்கான முக்கிய விதிகள் வருமாறு:

1. ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட் அளவே. கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேற்படக் கூடாது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரத்தில் இது பாதிகூட இல்லை. ஆகவே ஒலி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுற்றளவில்தான் தெளிவாகக் கேட்கும்.

2. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் அங்கேயே தயாரிக்கப்பட வேண்டும்.

3. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை மூன்று மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும்.

4. நிலையத்தின் சொந்தமும் நிர்வாகமும் அது பணி செய்யும் சமுதாயத்தைப் பிரதிபலிக்க வேண்டும்.

5. சொந்தமாக அரசியல் செய்திகள் ஒலிபரப்பக் கூடாது. வானிலை, தண்ணீர், மின்சாரம், இயற்கைச் சீற்றம் பற்றிய உள்ளூர் நிர்வாகத்தின் அறிவிப்புகளைத் தரலாம்.

2024ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருத்திய விதிகள் இரண்டு முக்கிய மாற்றங்களைக் கொண்டுவந்தன. நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் ஆலோசனைக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை அனுமதி என்பது மற்றொன்று. முதல் மாற்றத்தால் குழுவின் பலம் கூடியது. இரண்டாவது மாற்றத்தால் அதன் பொறுப்பு கூடியது. இதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

குழு எதற்கு? ஒரு சொல் பிசகிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம வானொலியில் சம்பா நெல்லுக்கு மேலுரம் இடுவது பற்றி நான் பேசினேன். 'எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து, நான்கு தவணைகளாகப் பிரித்து' என்பது என் பேச்சின் சாரம். மறுநாள் காலை அந்தப் பேச்சின் சுருக்கத்தைப் படித்த இளைஞர் 'ஏக்கருக்கு 150 கிலோ' என்று படித்துவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். எக்டருக்கு 150 கிலோ என்றால் ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. அது முழுவதையும் யூரியாவாக இட்டால் 130 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு சொல் மாறியதால் மூன்று மூட்டை ஏழு மூட்டைக்கு மேல் ஆகிவிட்டது. அப்படி இட்டால் பயிர் கருகருவென்று வளர்ந்து சாயும். குலை நோய், இலைச்சுருட்டுப் புழு, புகையான் ஆகியவை வயலைத் தேடி வரும். உரத்துக்குக் கொடுத்த பணமும் போய், மகசூலும் போகும்.

இத்தவற்றைக் கண்டுபிடித்தவர் அந்நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்த ஒரு பெண் விவசாயி. மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே கேட்டவர், முன்பு ஒரு பயிற்சியில் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, உடனே நிலையத்துக்குத் தெரிவித்தார். அன்றே மூன்று முறை திருத்தம் சொல்லப்பட்டது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு நானும் அழைக்கப்பட்டேன்.

படித்த இளைஞரைக் கடிந்துகொள்வார்கள் என்று எண்ணியிருந்தேன். அந்த அம்மையார் என்னைப் பார்த்துத்தான் பேசினார்: "தம்பி வாசிச்சது தப்புதான் சார். ஆனா நாங்க மாவுலயும் ஏக்கர்லயும் கணக்குப் பாக்கிறவங்க. கடையில மூட்டைதான் கேப்போம். நீங்க எக்டர்ல சொன்னா, இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு யாராச்சும் தப்பாத்தான் சொல்லுவாங்க."

அவர் சொன்னது சரியே. அன்று குழு ஒரு தீர்மானம் எழுதியது. உரம், மருந்து அளவுகள் எல்லாம் ஏக்கர் கணக்கிலும் மூட்டை அல்லது டேங்க் கணக்கிலும் சொல்லப்பட வேண்டும். ஒவ்வோர் அளவும் இரண்டு முறை படிக்கப்பட வேண்டும். படிக்கும் முன் குழு உறுப்பினர் ஒருவர் தாளைப் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். நான் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்த பாடத்தை அன்று ஒரு கிராமக் குழுவிடம் நானே கற்றுக்கொண்டேன். குழு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

குழுவின் பணிகள்

1. பருவத்துக்கு ஏற்ற நிகழ்ச்சி நிரல்: எந்த வாரத்தில் எந்தச் செய்தி தேவை என்பது உள்ளூர் விவசாயிக்கே தெரியும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன்பே குறுவை விதை நேர்த்தி பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோடைக் காற்று வீசுவதற்கு முன் வாழைக்கு முட்டுக் கொடுப்பது பற்றிச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் வாழைத் தோட்டத்தில் வடிகால் எடுப்பது பற்றிச் சொல்ல வேண்டும். ரஸ்தாளியில் வாடல் நோய் கண்ட தோட்டத்திலிருந்து கன்று எடுக்கக் கூடாது என்ற அறிவுரை, கன்று வாங்கும் பருவத்துக்கு முன் வந்தால் பயன் தரும். நட்ட பிறகு வந்தால் வருத்தமே மிஞ்சும். குழு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை இத்தகைய பட்டியலைத் தயாரிக்க வேண்டும்.

2. கேட்கும் நேரம்: நல்ல நிகழ்ச்சி தவறான நேரத்தில் வந்தால் யாரும் கேட்பதில்லை. ஆண்கள் தண்ணீர் பாய்ச்சப் போகும் நேரம், பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் புறப்படும் நேரம், பால் கறந்து ஊற்றும் நேரம் ஆகியவற்றை ஊருக்கு ஊர் விசாரித்து ஒலிபரப்பு நேரத்தைக் குழு முடிவு செய்ய வேண்டும். பருவம் மாறினால் நேரமும் மாறலாம்.

3. பரிந்துரைகளைச் சரிபார்த்தல்: ஒவ்வொரு தொழில்நுட்பச் செய்தியும் இரண்டு கண்களால் பார்க்கப்பட வேண்டும். ஒன்று பல்கலைக்கழகம் அல்லது வேளாண்மைத் துறையின் நடப்புப் பரிந்துரை. மற்றொன்று உள்ளூர் விவசாயியின் அனுபவம். பழைய ஒலிப்பதிவுகளை மறு ஒலிபரப்புச் செய்யும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. எண்டோசல்பான் மருந்தை உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு தடை செய்தது. அதற்கு முந்தைய பேச்சு ஒன்றில் அம்மருந்தின் பெயர் இருந்தால், கேட்பவருக்கு அது பழைய பேச்சு என்று தெரியாது.

4. விளம்பரங்களை வடிகட்டுதல்: விளம்பர நேரம் கூடியிருப்பதால் நிலையத்தின் மின்கட்டணமும் கருவிகளின் பழுதுச் செலவும் ஓரளவு ஈடுகட்டப்படும். ஆனால் விளம்பரம் தருபவர் உரக் கடைக்காரராகவோ மருந்து விற்பவராகவோ இருக்கலாம். விளம்பரம் விளம்பரமாகவே ஒலிக்க வேண்டும். அது 'வேளாண் அறிவுரை' என்ற வேடத்தில் வரக் கூடாது. வாழைக்கு ஒரே மருந்தில் எல்லா நோயும் தீரும் என்பது போன்ற விளம்பரத்தை மறுக்கும் உரிமை குழுவுக்கு இருக்க வேண்டும். வருமானம் குறையுமே என்று நிலையம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு எதிராக நிற்பதே குழுவின் வேலை.

5. எல்லாருடைய குரலும் கேட்கச் செய்தல்: மைக்கின் முன் நன்றாகப் பேசுபவர் சிலரே எப்போதும் வருவர். குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளர், கிடை போடுபவர், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்பவர், ஆதிதிராவிடர் குடியிருப்பில் வாழும் பெண்கள் ஆகியோரின் அனுபவம் வெளிவருவதில்லை. சென்ற மாதம் பேசியவர்கள் யார் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தாலே உண்மை விளங்கும்.

6. புகார்ப் பதிவேடு: கேட்போரின் குறைகளை எழுத ஒரு பதிவேடு வேண்டும். ஒலிப்பதிவுகள் மூன்று மாதம் இருப்பதால், 'அப்படிச் சொல்லவே இல்லை' என்று யாரும் மறுக்க முடியாது. குழு பதிவைக் கேட்டு, தவறு இருந்தால் திருத்தத்தை எந்த நேரத்தில் தவறு நேர்ந்ததோ அதே நேரத்தில் ஒலிபரப்பச் செய்ய வேண்டும். காலையில் நேர்ந்த தவற்றுக்கு நள்ளிரவில் திருத்தம் சொல்வதால் பயனில்லை.

7. ஆபத்துக் கால ஒழுங்கு: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள ஸ்ரீரங்கம் தீவுக்கு இது மிகவும் முக்கியம். 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. இத்தகைய இரவில் உண்மையைவிட வதந்தி வேகமாகப் பரவும். மாவட்ட நிர்வாகம் அல்லது நீர்வளத்துறை தரும் அறிவிப்பைத் தவிர வேறு எதையும் ஒலிபரப்பக் கூடாது, யார் தந்தார், எத்தனை மணிக்குத் தந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற விதியை, வெள்ளம் வருவதற்கு முன்பே குழு எழுதி வைத்திருக்க வேண்டும்.

குழுவை அமைக்கும் முறை

குழு அமைத்து ஊர்க் காரியம் பார்ப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இதற்குச் சான்று. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டங்களைப் பார்க்கத் தோட்ட வாரியம் எனத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். பதவிக்காலம் 360 நாட்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர்.

அம்முறையில் பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் இடம் இல்லை. ஆகவே அதை அப்படியே இன்று பின்பற்ற முடியாது. ஆனால் அதில் உள்ள மூன்று கொள்கைகள் இன்றைக்கும் பொருந்தும். அவை: பதவிக்குக் காலவரையறை, மாறி மாறி வரும் உறுப்பினர், கணக்குக் காட்டாதவருக்கு இடமின்மை.

சமுதாய வானொலிக் குழுவை அமைக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. 10 முதல் 14 உறுப்பினர் போதும். இதற்கு மேல் சென்றால் பேச்சு மிகும், முடிவு குறையும்.

2. பாதிப்பேராவது பெண்களாக இருத்தல் வேண்டும். அவர்கள் பதிவேட்டில் கையெழுத்து இடுவதற்காக மட்டும் அழைக்கப்படக் கூடாது. கூட்ட நேரம் அவர்களுக்கு வசதியாக இருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறை கூறுவது முறையன்று.

3. சிறு விவசாயி, குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளர், மகளிர் சுய உதவிக் குழு, இளைஞர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒலி கேட்கும் எல்லைக்குள் உள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும் முறை வைத்து வாய்ப்பளிக்க வேண்டும்.

4. பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் பாதிப்பேர் மாற வேண்டும். இதனால் பழையவரின் அனுபவமும் புதியவரின் ஊக்கமும் ஒருங்கே கிடைக்கும்.

5. உரக்கடை, பூச்சி மருந்துக் கடை நடத்துபவர் உறுப்பினராக இருந்தால், அவர் தொழில் சம்பந்தப்பட்ட பொருள் விவாதிக்கப்படும்போது வெளியே இருக்க வேண்டும். இதைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும்.

6. வேளாண் அலுவலர் அல்லது விஞ்ஞானி ஒருவர் ஆலோசகராக இருக்கலாம். தலைவராக இருக்கத் தேவையில்லை. அவர் தலைவரானால் மற்றவர்கள் பேசத் தயங்குவர்.

கூட்டம் நடத்தும் முறை

மாதம் ஒரு கூட்டம் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலில் சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் நிறைவேறினவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, சென்ற மாத நிகழ்ச்சிகளில் ஏதேனும் ஒன்றின் பதிவைக் கால் மணி நேரம் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும். நிகழ்ச்சியைக் கேட்காமலே அதைப் பற்றிப் பேசும் குழுக்கள் உண்டு. இப்பழக்கம் அதைத் தடுக்கும். அதன் பின்னர் புகார்ப் பதிவேடு, அடுத்த மாத நிகழ்ச்சி நிரல், வரவு செலவு ஆகியவற்றை இந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்காகத் தீர்மானங்களை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெற வேண்டும்.

வரவு செலவுக் கணக்கை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வானொலியிலேயே படிப்பது நல்ல பழக்கம். ஊர்ப் பொதுக் காரியங்களில் கணக்கைப் பற்றிய பேச்சு திண்ணையில் தொடங்கினால் அது சண்டையில் முடியும். நாமே முதலில் சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நேரக்கூடிய குறைகள்

குழு இருந்தும் பயனில்லாமற் போவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, 'கையெழுத்துக் குழு'. உரிமம் பெற்ற நிறுவனமே சட்டப்படி பொறுப்பு என்பதால், எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்துவிட்டு, குழுவிடம் ஒப்புதல் மட்டும் வாங்கும் நிலை ஏற்படலாம். கல்வி நிறுவனங்கள் நடத்தும் நிலையங்களில் மாணவர் நிகழ்ச்சிகளே நிறைந்து, சுற்றுப்புற விவசாயி வெறும் கேட்பவராக ஆகிவிடும் அபாயமும் உண்டு. எவ்வெவற்றில் குழுவின் முடிவே இறுதியானது என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது இதற்கு மருந்து.

இரண்டாவது, செல்வாக்குள்ள ஒருவர் குழுவைத் தன்வசப்படுத்துதல். பதவிக்காலத்தை வரையறுத்தால் இது குறையும். மூன்றாவது, தன்னார்வலர்களின் களைப்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஊதியம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று எண்ணக் கூடாது. கூட்டத்துக்கு வரும் விவசாயத் தொழிலாளி அன்றைய அரை நாள் கூலியை இழக்கிறார். தொலைவிலுள்ள ஊரிலிருந்து வருபவருக்குப் பஸ் கட்டணம் ஆகிறது. நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் வர இயலாது. இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று கூறினால், நாளடைவில் வசதி படைத்தவர்கள் மட்டுமே குழுவில் மிஞ்சுவர். பஸ் கட்டணத்தையும், கூலி இழப்பவருக்கு ஒரு சிறு ஈட்டுத் தொகையையும் நிலையத்தின் செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சாகுபடி வேலைகள் மும்முரமாக உள்ள மாதத்தில் கூட்டத்தை ஒத்திவைப்பதில் தவறில்லை.

மற்ற இடங்களின் அனுபவம்

தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் இயங்கும் சங்கம் ரேடியோ இத்துறையில் ஒரு வழிகாட்டி. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்னும் நிறுவனத்தின் துணையுடன் கிராமப் பெண்கள் சங்கங்கள் இதை உருவாக்கின. இப்பெண்களில் பெரும்பாலோர் தலித் சமூகத்தைச் சேர்ந்த சிறு விவசாயிகள். உரிமம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொண்டு, பதிவு நாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் ஓட்டிக் கேட்டு வந்தனர். 2008 அக்டோபர் 15ஆம் நாள் நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானலைகள் மக்கள் சொத்து என்ற 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான பி.பி. சாவந்த் அதைத் தொடங்கி வைத்தார். சிறுதானியம், நாட்டு விதை, மானாவாரிக் கலப்புப் பயிர் ஆகியவை அவர்களின் முக்கியப் பொருள்கள். கருவிக்கும் உரிமத்துக்கும் முன்பாகவே கூடிப் பேசும் அமைப்பு இருந்ததே அவர்களின் பலம்.

நம் மாநிலத்தில் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில், 2004 சுனாமிக்குப் பின்னர் தானம் அறக்கட்டளையின் முயற்சியால் களஞ்சியம் சமுதாய வானொலி உருவானது. கடலோர மக்களுக்கு ஆபத்துக் கால எச்சரிக்கை எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவ்வூர்கள் பட்டறிந்தவை. இங்கும் மகளிர் களஞ்சியக் குழுக்களே அடித்தளம்.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. முதலில் குழு, பிறகு கம்பம்.

நீங்கள் செய்ய வேண்டியது

கைப்பேசியில் எல்லாம் வந்துவிட்டதே, வானொலி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கைப்பேசியில் வரும் செய்தியை யார் அனுப்பினார் என்று பல சமயம் தெரிவதில்லை. தவறாக இருந்தால் திருத்தச் சொல்ல ஆளும் இல்லை. ஊர் வானொலி தவறு செய்தால், அடுத்த கூட்டத்தில் நேருக்கு நேர் கேட்கலாம். இந்த வசதி வேறு எதிலும் கிடைப்பதரிது.

உங்கள் பகுதியில் சமுதாய வானொலி கேட்குமானால், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்போர் மன்றம் ஒன்றைத் தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நிகழ்ச்சி, உங்கள் ஐயம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மூன்று மாதங்கள் கழித்து அந்த நோட்டுடன் நிலையத்துக்குச் சென்று, ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். தொழில்நுட்ப ஐயங்களுக்குச் சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகலாம். வானொலி இல்லாத பகுதியினரும் மன்றத்தை இப்போதே தொடங்கலாம். பின்னர் உரிமம் கேட்கும் நிறுவனத்துக்கு அதுவே முதல் துணையாக அமையும்.

ஏக்கருக்கும் எக்டருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஒரு பெண் விவசாயியின் நோட்டுப் புத்தகம் காப்பாற்றியதைக் கண்டோம். அந்த வாரம் எத்தனை வயல்கள் தப்பின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அவருக்கு யாரும் மாலை போடவும் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வழக்கம்போல் நோட்டுடன் வந்தார். அத்தகையவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருக்கிறார். அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் குழுவில் அமர்த்துவது நம் கடமையாகும்.